கேட்கத் தெரிந்தவர் தேவை!

உலக சுகாதாரப் பணிக்கு மருத்துவப் பட்டம் மட்டும் போதுமா? எபோலா காட்டும் கணக்கு

2014 ஜூன் மாதம். மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டில், காடு சூழ்ந்த தென்கிழக்கு மூலையில் ஒரு கிஸ்ஸி இனக் கிராமம். கர்ப்பிணி ஒருத்தி எபோலாவில் இறந்துவிட்டாள். எபோலாவில் இறந்தவரின் உடலில் கிருமி உச்சத்தில் இருக்கும், தொட்டவருக்கும் தொற்றும். எனவே, உச்சி முதல் பாதம் வரை கவச உடை அணிந்த குழு, உடலை உடனே அடக்கம் செய்தாக வேண்டும் என்று நிற்கிறது. வீட்டார் விடவில்லை.

வயிற்றில் இருக்கும் சிசுவை எடுத்த பிறகுதான் தாயைப் புதைக்க வேண்டும் என்கிறார்கள். பிள்ளையைச் சுமந்தபடி ஒருத்தி மண்ணுக்குள் போனால் பிறப்பு இறப்பின் சுழற்சியே அறுந்துவிடும், ஊருக்குக் கேடு வரும் என்பது அந்த மக்கள் தலைமுறைகளாக நம்பி வருவது. கர்ப்பிணியாக இறந்த பெண்ணுக்காகப் பாதையோரம் சுமைதாங்கிக் கல் நட்ட நம் ஊர்க்காரர்களுக்கு இந்தத் தவிப்பு புரியும். ஆனால் எபோலாவில் இறந்த உடலில் கத்தி வைப்பது, வைப்பவரின் உயிருக்கே உலை. மருத்துவர்கள் மறுத்தார்கள். குடும்பம் அசையவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது.

முட்டுக்கட்டையை உடைத்தவர் மருத்துவர் இல்லை. உலக சுகாதார நிறுவனம் அனுப்பியிருந்த மானுடவியலாளர் ஜூலியென் அனோகோ. ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து, இப்படி ஒரு விதி மீறப்பட்டால் அதற்குப் பரிகாரம் உண்டா என்று விசாரித்தார். உண்டு என்றார்கள். அந்தச் சடங்கு தெரிந்த முதியவர் ஒருவரைத் தேடிப் பிடித்தார்கள். சடங்கின் செலவை உலக சுகாதார நிறுவனம் ஏற்றது. பரிகாரம் நடந்தது, உடலில் கத்தி படாமலேயே அடக்கமும் நடந்தது.

அன்றைக்கு அந்த ஊரில் எத்தனை பேர் தொற்றிலிருந்து தப்பினார்கள் என்று யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது. ஆனால் உலக சுகாதாரம் என்னும் துறையில் வேலை பார்க்க விரும்பும் ஒவ்வொருவரும் முதல் நாளே கேட்க வேண்டிய கதை இது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கொரோனாவுக்குப் பிறகு நம் பிள்ளைகள் பலர் பொதுச் சுகாதாரப் படிப்புகளை விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அதே நேரத்தில் அந்தத் துறைக்கு வந்த பணம் 2025-ல் சரசரவென்று வறண்டுவிட்டது. ஆட்கள் குறையும் காலத்தில், இருக்கும் ஆட்களுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற கேள்வி கூர்மையாகிறது.

மூன்று மாதம் பெயரில்லாமல் பரவிய நோய்

2013 டிசம்பரில் கினியின் மெலியாண்டூ கிராமத்தில் சுமார் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. நோய் எபோலா என்று ஆய்வகம் உறுதி செய்தது 2014 மார்ச்சில். அதற்குள் கிருமி ஊர் ஊராகப் போய்விட்டது. பிறகு லைபீரியா, சியரா லியோன் என்று எல்லை தாண்டியது. 2014 ஆகஸ்ட் 8 அன்றுதான் உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசரநிலையை அறிவித்தது. போரிலும் வறுமையிலும் நைந்திருந்த அந்த மூன்று நாடுகளில் ஒரு லட்சம் பேருக்கு ஒன்றிரண்டு மருத்துவர்களே இருந்தார்கள். அவர்களிலும் பலர் இந்த நோய்க்கே பலியானார்கள். சியரா லியோனின் கெனெமா அரசு மருத்துவமனையில் எபோலா சிகிச்சையை முன்னின்று நடத்திய டாக்டர் ஷேக் உமர் கான் 2014 ஜூலை 29 அன்று இறந்தார்.

【 பெட்டிச் செய்தி: எபோலா 2013–16 】
• தொற்றியவர்கள்: 28,600-க்கும் மேல்
• இறந்தவர்கள்: 11,300-க்கும் மேல்
• மூன்று நாடுகளிலும் இறந்த சுகாதாரப் பணியாளர்கள்: 500-க்கும் மேல்
• அப்போது அனுமதி பெற்ற தடுப்பூசி: எதுவும் இல்லை. கினியில் 2015-ல் நடந்த சோதனையில்தான் பலன் தரும் தடுப்பூசி உறுதியானது.

தவறாகப் பேசியதற்கு விலை

முதல் மாதங்களில் சுவரொட்டிகளும் வானொலியும் திரும்பத் திரும்பச் சொன்ன செய்தி, எபோலாவுக்கு மருந்து கிடையாது என்பது. மருத்துவ ரீதியாக அன்று அது பொய்யில்லை. ஆனால் கேட்டவர் மனசில் என்ன ஓடியிருக்கும்? மருந்தே இல்லையென்றால் சிகிச்சை முகாமுக்கு எதற்குப் போக வேண்டும், சாகிற உயிர் சொந்த வீட்டில் சொந்தக்காரர் மடியில் போகட்டுமே என்று நினைத்தார்கள். முகாமுக்குப் போனவர்களில் பலர் பிணமாகக்கூடத் திரும்பவில்லை. உயர்ந்த வேலிக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று குடும்பத்தாருக்குத் தெரியாது. உறுப்புகளைத் திருடுகிறார்கள் என்ற வதந்தி பரவியது. சரியான தகவல், தவறான விதத்தில் சொல்லப்பட்டதால் உயிர்களைக் குடித்தது.

2014 செப்டம்பரில் கினியின் வோமே கிராமத்துக்கு விழிப்புணர்வு ஏற்படுத்தப் போன குழுவில் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் சுகாதார அதிகாரிகளும் உள்ளூர்ச் செய்தியாளர்களும் உண்டு. இந்தக் கொலைகளுக்கு எந்த நியாயமும் கிடையாது. ஆனாலும், அந்த ஊரில் பயம் எந்த அளவுக்கு ஏறியிருக்கிறது என்று முன்கூட்டியே அறிந்து சொல்ல ஒருவர் இருந்திருந்தால் அந்த எட்டுப் பேரும் அன்று அங்கே போயிருக்க மாட்டார்கள்.

லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் வெஸ்ட் பாயின்ட் என்ற கடலோரக் குடிசைப் பகுதி. சுமார் 75,000 பேர் நெருக்கியடித்து வாழும் இடம். 2014 ஆகஸ்ட் 20 அன்று அந்தப் பகுதி முழுவதையும் ராணுவமும் போலீஸும் சுற்றி வளைத்து அடைத்தன. சோறு, தண்ணீர், அன்றாடக் கூலி எதுவும் இல்லாத மக்கள் தடுப்பை உடைக்கப் பார்த்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஒரு 15 வயதுச் சிறுவன் இறந்தான். பத்து நாளில் அடைப்பை விலக்கிக்கொண்டார்கள். கொரோனா ஊரடங்கில் நெடுஞ்சாலை வழியே ஊர் நோக்கி நடந்த நம் தொழிலாளர்களை நினைத்துப் பாருங்கள். அடைக்கப்படுகிறவர் என்ன சாப்பிடுவார் என்ற கேள்வியை உத்தரவு போடுமுன் கேட்பதும் தொற்றுநோய்க் கட்டுப்பாட்டின் ஒரு பகுதிதான். அதைக் கேட்கப் பழகியவர்கள் கூட்ட அறையில் இருக்க வேண்டும்.

அடக்கத்தில் இன்னும் பெரிய பாடம். பிணத்தைக் குளிப்பாட்டுவது, தொட்டு அழுவது, ஊர் கூடி வழியனுப்புவது ஆகியவை அங்கே வாழ்வின் கட்டாயக் கடமைகள். இவற்றின் வழியே நோய் பரவியது உண்மை. சியரா லியோனின் கைலாகுன் மாவட்டத்தில் 2014 மே மாதம் ஒரு பெண் வைத்தியரின் சாவுக்கு வந்தவர்கள் பலர் தொற்றோடு ஊர் திரும்பினார்கள். இதைத் தடுக்க லைபீரிய அரசு தலைநகரில் எரியூட்டலைக் கட்டாயமாக்கியது. எரிப்பது அந்த மக்கள் கனவிலும் நினைக்காத காரியம். விளைவு, வீட்டில் இருக்கும் நோயாளியையே மறைத்தார்கள். இரவோடு இரவாக ரகசியமாகப் புதைத்தார்கள். டிசம்பரில் டிஸ்கோ ஹில் என்ற இடத்தில் அரசு தனி இடுகாடு திறந்த பிறகே நிலைமை மாறியது.

2014 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் புதிய அடக்க நெறிமுறையை வெளியிட்டது. செஞ்சிலுவைச் சங்கம், கிறிஸ்தவ, இஸ்லாமிய அமைப்புகள், மானுடவியலாளர்கள் எல்லோரும் சேர்ந்து எழுதியது. முதலில் குடும்பத்தோடு பேச வேண்டும். கவச உடை போடாமல் போய் நின்று, முகம் காட்டிப் பேச வேண்டும். பிரார்த்தனைக்கு இடம் தர வேண்டும். முஸ்லிம் என்றால் நீர் இல்லாமல் செய்யும் சுத்திகரிப்பும் உடலைப் போர்த்தும் கஃபன் துணியும் வேண்டும். குழியை வெட்டக் குடும்பத்தார் வரலாம். மருத்துவப் பாதுகாப்பில் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்காமல் மனித மரியாதையைக் காப்பாற்றிய ஆவணம் அது. இரண்டும் ஒன்றையொன்று வெட்டும் என்று நினைத்துத்தான் பல மாதங்களை வீணடித்தோம்.

பல ஆண்டு சியரா லியோனில் வாழ்ந்து ஆராய்ந்த பால் ரிச்சர்ட்ஸ் இந்தப் பேரிடரைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். கிராமத்து மக்கள் தாங்களே கவனித்து, கற்று, பழக்கங்களை மாற்றிக்கொண்டதுதான் நோயைத் தணித்தது என்பது அவர் வாதம். வெளியிலிருந்து வருகிறவர் அந்த அறிவைக் கண்டுகொண்டு அதோடு கைகோக்க வேண்டும்.

ஒரு சின்ன விஷயத்தையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. கவச உடைக்குள் இருப்பவரின் கண்கள் மட்டுமே தெரியும். நோயாளி சாகும்வரை ஒரு மனித முகத்தைக்கூடப் பார்க்காமல் போகலாம். மேரி பெத் ஹெஃபர்னன் என்ற அமெரிக்கக் கலைஞர் இதை நினைத்து வருந்தி, மருத்துவர்கள், செவிலியர்களின் சிரித்த முகத்தைப் படமெடுத்து உடையின் நெஞ்சுப் பகுதியில் ஒட்டும் திட்டத்தை லைபீரியாவில் 2015-ல் செய்துகாட்டினார். செலவு, ஒரு ஸ்டிக்கர். உலக சுகாதாரக் குழுவில் கலைஞருக்கு என்ன வேலை என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

லாகோஸ்: வாசல் வாசலாக 19,000 முறை

2014 ஜூலை 20. லைபீரியாவிலிருந்து விமானத்தில் வந்த ஒரு பயணி நைஜீரியாவின் லாகோஸ் விமான நிலையத்தில் சுருண்டு விழுந்தார். இரண்டு கோடிப் பேர் நெருக்கும் மாநகரம். அங்கே எபோலா பரவினால் என்ன ஆகும் என்று நினைத்தே உலகம் நடுங்கியது.

அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் அவரை ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மூத்த மருத்துவர் அமெயோ ஸ்டெல்லா அடடேவோ. முதலில் மலேரியா என்று கருதப்பட்டவருக்கு எபோலா இருக்கலாம் என்று சந்தேகித்து, பரிசோதனை முடிவு வரும்வரை வெளியே அனுப்ப முடியாது என்று நின்றார். நோயாளி ஒரு மாநாட்டுக்குப் போயாக வேண்டும், விடுங்கள் என்று லைபீரிய அதிகாரிகளின் அழுத்தம் வந்தது. அவர் அசையவில்லை. நோயாளி இறந்தார். அவரிடமிருந்து தொற்றிய நோயில் ஆகஸ்ட் 19 அன்று அடடேவோவும் இறந்தார். ‘இல்லை’ என்று சொல்லும் துணிவு எந்த வினாத்தாளிலும் வராது. அன்று லாகோஸைக் காப்பாற்றிய முதல் திறமை அதுதான்.

இரண்டாவது திறமை, பொறுமையாக எண்ணுவது. நோயாளியோடும் அவரால் தொற்றியவர்களோடும் தொடர்பில் இருந்தவர்கள் என்று 894 பேரைப் பட்டியலிட்டார்கள். ஒவ்வொருவரையும் 21 நாள் தினமும் நேரில் போய்ப் பார்த்துக் காய்ச்சல் அளந்தார்கள். மொத்தம் ஏறத்தாழ 19,000 சந்திப்புகள். 20 பேருக்குத் தொற்று, 8 மரணம். அதோடு நின்றது. அக்டோபர் 20 அன்று நைஜீரியா எபோலா இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது.

இது ஒரு மாதத்தில் முளைத்த திறமை இல்லை. போலியோவை ஒழிக்க 2012-ல் அந்த நாடு அவசரச் செயல்பாட்டு மையம் ஒன்றை அமைத்திருந்தது. வீடு வீடாகப் போகவும் வரைபடம் போடவும் தினசரி கணக்கைச் சரிபார்க்கவும் பழகிய அந்த ஆட்களையே எபோலாவுக்கு இறக்கினார்கள். 2008-ல் தொடங்கிய கள நோய்ப்பரவியல் பயிற்சித் திட்டத்தில் படித்தவர்களும் சேர்ந்தார்கள்.

அந்தப் பயிற்சியின் சகோதரத் திட்டம் சென்னையிலேயே இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் 2001 முதல் இதை நடத்துகிறது. வகுப்பறையில் சில வாரம், மீதிக் காலம் மாவட்டத்தில். காலராவோ டெங்குவோ வந்தால் மாணவரே போய் விசாரித்து, வரைபடம் போட்டு, எங்கிருந்து தொடங்கியது என்று கண்டுபிடித்து அறிக்கை எழுத வேண்டும். இந்த வேலையில் தேறும் ஒருவர் திருவண்ணாமலையிலும் பயன்படுவார், லாகோஸிலும் பயன்படுவார்.

சென்னை உலகத்துக்குச் சொன்னது

உலக சுகாதாரம் என்றால் பணக்கார நாட்டு நிபுணர் ஏழை நாட்டுக்குப் போய்க் கற்றுத் தருவது என்ற நினைப்பு இன்னும் பலருக்கு இருக்கிறது. 1950-களின் சென்னையைக் காட்டினால் போதும்.

காசநோய் வந்தால் சானடோரியத்தில் படுக்க வைத்து, நல்ல உணவும் ஓய்வும் கொடுத்துப் பல மாதம் வைத்தியம் பார்ப்பதே அன்று உலக வழக்கம். இந்தியாவில் அத்தனை படுக்கைக்கு எங்கே போவது? 1956-ல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. ஐ.சி.எம்.ஆர்., சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை சேர்ந்து நடத்தியது. நகரத்தின் ஏழை நோயாளிகளில் 193 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு சானடோரியத்தில் சிகிச்சை, பாதிப் பேருக்கு அவரவர் வீட்டில். ஓராண்டு முடிவில் இரண்டு குழுவும் கிட்டத்தட்ட ஒரே அளவு தேறின. சத்தான உணவும் விசாலமான வீடும் இல்லாதவர்களும் தேறினார்கள். 1959-ல் முடிவு வெளியானது. காசநோய் மருத்துவமே திசை மாறியது.

மருந்தின் வீரியத்தால் மட்டும் இது நடக்கவில்லை. நோயாளி வீட்டுக்கே போய், மாத்திரை போட்டாரா என்று சிறுநீர்ப் பரிசோதனையில் உறுதி செய்து, நின்றுபோனவரை மறுபடி அழைத்து வந்த சுகாதாரப் பார்வையாளர்களின் உழைப்பு அதன் முதுகெலும்பு. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அதன் இயக்குநராக இருந்த சௌம்யா சுவாமிநாதன் 2019-ல் உலக சுகாதார நிறுவனத்தின் முதல் தலைமை விஞ்ஞானி ஆனார்.

【 பெட்டிச் செய்தி: என்ன தெரிந்திருக்க வேண்டும்? 】
உலக சுகாதாரத்துக்கான பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு, களப்பணிக்குப் போகும் ஒருவரிடம் இருக்க வேண்டிய திறன்களை 11 துறைகளாக வகுத்துள்ளது. நோய்ச்சுமை, உலகமயம், சமூக சுற்றுச்சூழல் காரணிகள், உள்ளூர்த் திறனை வளர்த்தல், கூட்டுப்பணியும் தொடர்பாடலும், அறநெறி, தொழில் ஒழுக்கம், சமநீதி, திட்ட மேலாண்மை, பண்பாட்டு அரசியல் புரிதல், உத்தி சார்ந்த ஆய்வு. நோயைப் பற்றிய அறிவு நேரடியாக வருவது முதல் துறையில்தான். மற்றவை பெரும்பாலும் மனிதர்களோடு வேலை செய்வது பற்றியவை.

தடுப்பூசி வந்தது, நம்பிக்கை வரவில்லை

2018 ஆகஸ்டில் காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கில் எபோலா வெடித்தபோது நிலைமை வேறு. கையில் தடுப்பூசி இருந்தது. மைனஸ் 60 டிகிரிக்கும் கீழான குளிரில் வைத்தாக வேண்டிய மருந்தை, மின்சாரமே எட்டாத ஊர்களுக்குக் கொண்டுசேர்த்தார்கள். அந்தப் பெட்டிகளைச் சுமந்தவர்கள், ஜெனரேட்டருக்கு டீசல் தேடியவர்கள், எந்தப் பாலம் உடைந்திருக்கிறது என்று தெரிந்த ஓட்டுநர்கள் இல்லாமல் எந்த விஞ்ஞானமும் அங்கே போயிருக்காது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஊசி போட்டார்கள். அப்படியும் நோய் அடங்க 2020 ஜூன் ஆனது. 3,470 பேருக்குத் தொற்று, 2,287 பேர் மரணம்.

ஏன்? பல ஆண்டுகளாக ஆயுதக் குழுக்கள் ஊர் புகுந்து கொன்றபோது யாரும் வரவில்லை. 2019-ல் அதே நாட்டில் தட்டம்மை பரவி 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதற்கும் உலகம் இப்படி ஓடி வரவில்லை. எபோலா என்றதும் வெள்ளை ஜீப்புகள் வரிசையாக வந்தால் ஊர் என்ன நினைக்கும்? அந்தப் பணப் புழக்கத்தை மக்கள் ‘எபோலா பிசினஸ்’ என்றே அழைத்தார்கள். இந்த நிலையில், 2018 டிசம்பர் தேர்தலில் எபோலாவைக் காரணம் காட்டி பெனி, புடெம்போ நகரங்களில் வாக்குப்பதிவைத் தேர்தல் ஆணையம் தள்ளிவைத்தது. கோபம் சிகிச்சை மையத்தின்மேல் திரும்பியது. 2019-ல் மட்டும் 300-க்கும் மேற்பட்ட தாக்குதல்கள். அந்த ஏப்ரலில் புடெம்போ மருத்துவமனையில் கேமரூனைச் சேர்ந்த தொற்றுநோயியல் நிபுணர் ரிச்சர்ட் மூசோகோ சுட்டுக் கொல்லப்பட்டார்.

அரசியல் தெரியாதவர் நோயைக் கட்டுப்படுத்தப் போகக் கூடாது என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டாம். அங்கேயே நல்ல மாற்றங்களும் நடந்தன. நோயாளியைக் குடும்பம் வெளியிலிருந்து பார்த்துப் பேச வசதியாக, ஒளி புகும் சுவர் கொண்ட சிகிச்சை அறைகள் வந்தன. எபோலாவிலிருந்து மீண்டவர்கள், உடலில் எதிர்ப்பு சக்தி இருப்பதால், தாய் சிகிச்சையில் இருக்கும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

கூடவே, இந்தத் துறை தலைகுனிய வேண்டிய ஒன்றும் நடந்தது. எபோலாப் பணிக்கு ஆள் எடுத்தபோது, வேலை தருவதாகச் சொல்லி உள்ளூர்ப் பெண்களைப் பாலியல் ரீதியாகச் சுரண்டினார்கள் என்று புகார்கள் எழுந்தன. உலக சுகாதார நிறுவனம் அமைத்த சுயேச்சையான விசாரணைக் குழு 2021 செப்டம்பரில் அறிக்கை தந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 83 பேர். அவர்களில் 21 பேர் அந்த நிறுவனத்தின் பணியாளர்கள். கையில் சம்பளப் பட்டியல் வைத்திருப்பவருக்கும் வேலை தேடி நிற்கும் பெண்ணுக்கும் இடையே உள்ள அதிகார இடைவெளியை உணராதவர், எத்தனை பெரிய நிபுணராக இருந்தாலும் அந்த ஊருக்கு ஆபத்தானவர். அறநெறியைப் பாடத்திட்டத்தின் கடைசி வாரத்தில் ஒரு மணி நேர வகுப்பாக வைத்திருக்கும் கல்லூரிகள் இந்த அறிக்கையை மாணவர்களுக்கு முழுதாக வாசிக்கத் தர வேண்டும்.

பணம் போன பிறகு

2025 ஜனவரி 20 அன்று உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகும் ஆணையில் அமெரிக்க அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். மார்ச் மாதம், அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்டின் திட்டங்களில் 83 சதவீதம் ரத்து என்று அறிவிப்பு வந்தது. ஜூலை 1-ல் அந்த அமைப்பே மூடப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2026–27க்கான பட்ஜெட்டை 530 கோடி டாலரிலிருந்து 420 கோடி டாலராகக் குறைத்தது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் எச்.ஐ.வி., காசநோய், தடுப்பூசித் திட்டங்களில் பணியாற்றிய பலர் ஒரே மின்னஞ்சலில் வேலை இழந்தார்கள்.

இதன் விளைவுகள் நமக்கும் உண்டு. வெளிநாட்டு அமைப்பில் வேலை என்று கனவு கண்டு படிக்கும் இளைஞருக்கு வாய்ப்பு சுருங்கும். அதைவிடப் பெரிய விளைவு, வெளியாள் வராத இடத்தில் உள்ளூர்ப் பணியாளரே எல்லாமாக நிற்க வேண்டும் என்பது. லாகோஸில் வாசல் ஏறியவர்களும் காங்கோவில் பெட்டி சுமந்தவர்களும் அந்த ஊர்க்காரர்களே. ஆனால் பயிற்சி, சம்பளம், பதவி என்று வரும்போது அவர்கள் வரிசையின் கடைசியில் நிற்கிறார்கள்.

நம் நாட்டின் சமூக சுகாதாரப் பணியாளர்களான ஆஷாக்களைப் பாருங்கள். சுமார் 10 லட்சம் பெண்கள். 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு உலக சுகாதாரத் தலைவர்களுக்கான விருதைத் தந்தது. அரசுப் பதிவேட்டில் அவர்கள் இன்றும் தன்னார்வலர்கள். சம்பளம் கிடையாது, ஊக்கத்தொகை மட்டும். சமூக சுகாதாரப் பணியாளர்களுக்கு முறையான ஊதியம் தர வேண்டும் என்று அதே நிறுவனம் 2018-லேயே வழிகாட்டியிருந்தது. இந்தத் துறைக்கு மிகத் தேவையான திறமைகள், அதாவது ஊரின் பேச்சைக் கேட்பது, யார் யாரோடு பேசமாட்டார்கள் என்று அறிந்திருப்பது, பயந்த தாயை நம்ப வைப்பது, எல்லாம் இவர்களிடம் இருக்கின்றன. அவற்றுக்கு உரிய ஊதியத்தைத் தராமல் கைதட்டலோடு நிறுத்திக்கொள்வது அநீதி.

【 பெட்டிச் செய்தி: படிக்க விரும்புவோருக்கு 】
• தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம், சென்னை: கள நோய்ப்பரவியல் பயிற்சி, பொதுச் சுகாதார முதுகலை.
• கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, வேலூர். ஜிப்மர், புதுச்சேரி: பொதுச் சுகாதார முதுகலை.
• அச்சுத மேனன் மையம், ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், திருவனந்தபுரம்: நாட்டின் முன்னோடிப் பொதுச் சுகாதாரப் படிப்புகளில் ஒன்று.
• சமூகவியல், புள்ளியியல், பொறியியல், இதழியல் படித்தவர்களுக்கும் இந்தத் துறையில் இடம் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ் அதனோம் கெப்ரேயெசுஸ் மருத்துவர் அல்லர். சமூக சுகாதாரத்தில் முனைவர். தகுதி விதிகளை அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிவு யாருடையது?

லைபீரியாவில் எபோலா வரக்கூடும் என்று ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை இருந்தது. 1982-ல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் லைபீரியர்களின் ரத்தத்தில் எபோலா எதிர்ப்பொருள் இருப்பதைக் கண்டு ஒரு பிரெஞ்சு ஆய்விதழில் எழுதியிருந்தார்கள். கட்டுரையாளர்களில் லைபீரியர் ஒருவர்கூட இல்லை. 2015-ல் இதை வெளிக்கொண்டுவந்து நியூயார்க் டைம்ஸில் எழுதியவர்களில் ஒருவர், லைபீரியச் சுகாதார அமைச்சகத்தின் அன்றைய தலைமை மருத்துவ அதிகாரி பெர்னிஸ் டான். அப்படியொரு கட்டுரையைத் தரவிறக்க 45 டாலர் ஆகும் என்றும், அது அங்குள்ள மருத்துவரின் அரை வாரச் சம்பளம் என்றும் அவர்கள் எழுதினார்கள். மண்ணின் ரத்தத்தில் எழுதியிருந்த எச்சரிக்கை அந்த மண்ணின் மருத்துவருக்குப் போய்ச் சேரவேயில்லை. தான் சேகரித்த தகவலை, சேகரித்த ஊருக்கே திருப்பித் தருவதும் ஒரு தொழில்திறன். அது இல்லாத ஆய்வை நான் ஆய்வு என்று மதிக்க மாட்டேன்.

இதில் காங்கோ விஞ்ஞானி ஜீன்-ஜாக் முயெம்பேயின் வாழ்க்கை ஒன்றே பெரிய பாடம். 1976-ல் காங்கோவின் யம்புகு கிராமத்துக்குப் போய், கையுறைகூட இல்லாமல் நோயாளிகளிடம் ரத்தம் எடுத்தவர் அவர். மாதிரி பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகருக்குப் பறந்தது. எபோலாவைக் கண்டுபிடித்த கதையில் அவர் பெயர் பல பத்தாண்டுகள் விடுபட்டது. 1995-ல் கிக்விட் நகரில் எபோலா வந்தபோது, பிழைத்தவர்களின் ரத்தத்தை எட்டு நோயாளிகளுக்கு ஏற்றினார்; ஏழு பேர் பிழைத்தார்கள். வெளிநாட்டு விஞ்ஞானிகள் பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கிக்விட்டில் பிழைத்த ஒருவரின் எதிர்ப்பொருளிலிருந்து பின்னாளில் உருவான மருந்துதான் 2019-ல் காங்கோவில் நடந்த சோதனையில் உயிர் காக்கும் என்று நிரூபணமானது. 2020 டிசம்பரில் அமெரிக்க அனுமதியும் பெற்றது.

எபோலா மாதிரிகள் இனி காங்கோவை விட்டு வெளியே போகாது என்று முயெம்பே 2019-ல் முடிவெடுத்தார். கின்ஷாசாவில் அவர் வளர்த்த தேசிய உயிரிமருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆய்வகம் விரிந்தது, இளம் காங்கோ விஞ்ஞானிகள் பயிற்சி பெற்றார்கள். 2025 ஆகஸ்டில் கசாய் மாகாணத்தின் புலாபே பகுதியில் மறுபடி எபோலா தலைதூக்கியது. ரத்த மாதிரிகள் கின்ஷாசாவுக்குப் போயின; செப்டம்பர் 3-ஆம் தேதி அங்கேயே நோய் உறுதியானது; மறுநாள் அரசு அறிவித்தது. டிசம்பர் 1 அன்று அந்தப் பரவல் முடிவுக்கு வந்தது.